காயாத படம்

சந்தனம் காய்வதற்குள் துடைத்துவிடலாம் என்று நினைத்ததுதான் திருமால் செய்த தவறு. அதற்கு முந்தின தவறு, சந்தனம் வைத்தது.

கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. மாரண்டஹள்ளி கடைத்தெருவில் பெயின்ட் கடை வைத்திருக்கிறவர் அவர். வாசலைத் தாண்டி வெளியே போகிற எந்தப் பெரிய சாமானுக்கும் ஒரு சொட்டுச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தே பழக்கம். ஏணிக்கு வைப்பார், தள்ளுவண்டிக்கு வைப்பார், கலர் கலக்குகிற மெஷினுக்குக்கூட வைத்திருக்கிறார். இன்றைக்கு மத்தியானம் அவர் மனைவி நிர்மலாதேவி வரைந்த ஆளுயரப் படம் பெங்களூரில் ஒரு கண்காட்சிக்குப் போகிறது. மொட்டையாக அனுப்ப மனசு வரவில்லை. யார் கண்ணுக்கும் படாத இடமாகப் பார்த்து, இடது பக்கம் கீழ் மூலையில், மோதிர விரலால் வைத்தார்.

ஈரப் பெயின்டில் சந்தனம் நிற்கவில்லை. குங்குமத்தையும் இழுத்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கியது. திருமால் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். சந்தனம் போயிற்று, குங்குமம் போயிற்று, கூடவே உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்டும் போயிற்று. சாம்பல் நிறப் படத்தின் மூலையில் மஞ்சளாக ஒரு திட்டு.

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நிர்மலா சொல்லிவிட்டுத்தான் போனாள். சின்னப் படங்களையெல்லாம் துணியில் கட்டிக்கொண்டு, வாசலில் நின்று சொன்னாள்.

"அந்தப் பெரிய படத்தத் தொடாதீங்க. மேல் கோட்டு இன்னும் காயலை. மூணு மணிக்கு வண்டி வரும். டிரைவரே பாத்துக் கட்டி எடுத்துக்குவாரு."

"நான் எதுக்குத் தொடறேன்?"

"தொடாதீங்க."

"சரிங்கறேன்ல?"

கேட்டைத் தாண்டியவள் திரும்பிப் பார்த்தாள். "தொடாதீங்க, என்ன?"

ஒரு பேச்சை இரண்டாம் தரம் சொல்கிறவள் அல்ல நிர்மலா. மூன்று தரம் சொல்லிவிட்டுப் போயும் இப்படி ஆகிவிட்டதே என்று திருமால் குனிந்து அந்தத் திட்டையே பார்த்தார்.

நிர்மலா வரைகிற விதமே அவருக்குப் புரிந்ததில்லை. ஊரில் எல்லோரும் பெயின்டைப் பூசிப் படம் வரைவார்கள். இவள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல நிறங்களைப் பூசி வைப்பாள். பிறகு சுவருக்குப் பட்டி பார்க்கிற தகட்டாலும், பெயின்டைக் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியாலும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பாள். எங்கே எவ்வளவு எடுக்கிறாளோ அதுதான் படம். மரமும் இருக்காது, மாடும் இருக்காது, மனுஷனும் இருக்க மாட்டான். பெயின்ட் விற்றுப் பிழைக்கிற வீட்டில் பெயின்டைச் சுரண்டிப் போடுகிறாளே என்று முதலில் அவருக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. ஆனால் ஒரு நாளும் நன்றாயிருக்கிறது என்று அவர் வாய் சொன்னதில்லை. உண்மையில் அந்தப் பொட்டு, சொல்லாததற்குப் பதிலாக வைத்ததுதான்.

இது அவளுடைய முதல் கண்காட்சி. மண்டபத்தில் நடுச்சுவரை இந்தப் படத்துக்கென்றே காலியாக விட்டிருக்கிறார்கள் என்று நேற்று சாப்பிடும்போது சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது திருமாலுக்கு.

அந்தச் சுவர் காலியாகவே இருக்கப்போகிறது என்று நினைத்ததும் அவர் போனைத் தேடி எடுத்தார். கடையில் வேலை பார்க்கிற மாதுவுக்குப் போன் போட்டார்.

"மாது, கடையச் சாத்திட்டு வூட்டுக்கு வா. வரும்போது சாம்பல் கலர்ல கொஞ்சம் கலக்கி எடுத்தா."

"நெம்பர் என்னங்கண்ணா?"

"நெம்பர் இல்லை. மழைக்கு முன்னாடி ஏரித் தண்ணி ஒரு மாதிரி இருக்குமே, அந்தக் கலரு."

"எந்த ஏரிங்கண்ணா?"

திருமால் போனில் படம் பிடித்து அனுப்பினார். அதில் சாம்பல் நிறம் நீலமாகத் தெரிந்தது. மாது நீலமாகக் கலக்கிக்கொண்டு வந்தான். திரும்ப ஓடி, இன்னொன்று கலக்கிக்கொண்டு வந்தான். மூடியைத் திறந்து படத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தபோது அச்சாக அதே நிறம். திருமாலுக்கு உயிர் வந்தது. சின்ன பிரஷ்ஷால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் திட்டை மூடினார். இரண்டடி தள்ளி வந்து நின்றார்.

"எப்படி இருக்கு?"

"உண்மையச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்."

"தார் ரோட்டுல குழி மூடுன மாதிரி இருக்குங்கண்ணா."

நிறம் சேர்ந்திருந்தது, பளபளப்பு சேரவில்லை. நிர்மலா பூசியது மங்கலாக, உள்ளே எதையோ வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. இவர் பூசியது புது பீரோ மாதிரி மின்னியது.

"தின்னர் தொட்டு ஒத்தி எடுத்துரலாங்கண்ணா. இப்பப் போட்டது மட்டும் வந்துரும்" என்றான் மாது.

வழக்கமாகத் துடைக்கிற துணியைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறவள் நிர்மலா. இன்றைக்குப் புறப்படுகிற அவசரத்தில் தகடு, தின்னர் டப்பா, பழந்துணி எல்லாவற்றையும் முக்காலியின் மேலேயே விட்டுப் போயிருந்தாள். அதுவாவது கைக்குக் கிடைத்ததே என்று திருமால் துணியை நனைத்து ஒற்றினார்.

யார் பூசியது என்று பார்த்து எடுக்கத் தின்னருக்குத் தெரியாது. திட்டு கரைந்தது, திட்டைச் சுற்றியிருந்ததும் கரைந்தது. மஞ்சளும் கரைந்து, அதற்கடியில் இருந்த பச்சையோடு கலந்து, படத்தின் அடி விளிம்புவரைக்கும் கோடு கோடாக வழிந்தது.

"நிறுத்துங்கண்ணா, நிறுத்துங்க!"

"நான் எங்கடா பண்றேன்? அதுவா போவுது!"

இடது பக்கம் கால்வாசி போய்விட்டது. பிறகு திருமால் தொண்டையைச் செருமினார். கடையில் வாடிக்கையாளர் சண்டைக்கு வரும்போது செருமுகிற செருமல் அது.

"மாது, ஒரு பக்கம் மட்டும் போயிருந்தா அது தப்பு. ரெண்டு பக்கமும் போயிருந்தா அது டிசைனு."

"அண்ணா, வேண்டாங்கண்ணா."

"அந்தத் தகட்டை எடு."

கண்ணாடி முன்னால் நின்று மீசையை ஒதுக்குகிறவனின் கதைதான். வலது பக்கம் ஒரு இழுப்பு அதிகமாகப் போயிற்று. அதைச் சரிக்கட்ட இடது பக்கம் ஒன்று. அது மேலே ஏறிவிட்டது என்று வலது பக்கம் இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தபோது படத்தில் நடுவே மட்டும் சாம்பல் பட்டையாக நின்றது. இரண்டு பக்கமும் மஞ்சளும் பச்சையும் கிழிந்து தொங்கின.

மாது தலையைச் சாய்த்துப் பார்த்தான். "முன்னால இருந்ததுக்கு இது பரவால்லைங்கண்ணா. அப்ப ஒண்ணுமே இல்லாம மொழுக்குன்னு இருந்துச்சு."

திருமாலுக்கு வந்ததே கோபம்.

"உனக்கு என்னடா தெரியும்? மொழுக்குன்னா இருந்துச்சு? அந்தச் சாம்பலுக்கு அடியில மஞ்சள் தெரிஞ்சும் தெரியாமயும் இருந்துச்சு, பாத்தியா? மேல வலது பக்கம் மட்டும் கொஞ்சம் சிவப்பா, யாரோ உள்ள வெளக்கு வச்ச மாதிரி இருந்துச்சு, பாத்தியா? ஒரு வருசமாடா வேலை பண்ணா! ராவும் பகலுமா பண்ணா!"

கத்திவிட்டு அவரே திகைத்துப்போனார். அந்தப் படத்தை அவ்வளவு பார்த்திருக்கிறோம் என்பது இதுவரை அவருக்கே தெரியாது. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குப் படம் இருந்தபோது சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நிர்மலா.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு" என்றார். சாப்பிட்டிருக்கவில்லை.

"என்ன பண்றீங்க?"

"சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"சும்மாவா? நீங்களா?" பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "கடைக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கலை. மாது அங்க இருந்தா அனுப்பிச்சுருங்க. வேலை நாளு."

"அனுப்பிடறேன்."

"படத்தத் தொடலை இல்லை?"

திருமால் படத்தைப் பார்த்தார். பச்சை நிறம் அவர் முழங்கைவரைக்கும் இருந்தது.

"தொடலை" என்றார்.

"சரி" என்று வைத்துவிட்டாள். அந்த 'சரி'யில் கோபமும் இல்லை, சந்தேகமும் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாது போனபிறகு வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. நிர்மலா வரைகிற இடம் பின்பக்கத்துச் சின்ன அறை. வெள்ளைச் சுவர், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பக்கத்துத் தோட்டத்துத் தக்காளிச் செடிகள். திருமால் இந்த அறைக்குள் அதிகம் வருவதில்லை. காரணம் கேட்டால் தின்னர் வாடை ஆகாது என்பார், பெயின்ட் கடைக்காரர்.

நடுவிலிருந்த சாம்பல் பட்டையைப் பார்த்தார். அதையும் எடுத்துவிட்டால் படம் முழுக்க ஒரே மாதிரி ஆகிவிடும். அப்புறம் மேலே சாம்பலைப் புதிதாக ஒரே சீராக அடித்துவிடலாம். மூன்று மணிக்குள் முடியும். இப்படித்தான் அவர் யோசித்தார். வாழ்க்கையில் எதைப் பார்த்தாலும் மேலே ஒரு கோட்டிங் அடித்தால் சரியாகிவிடும் என்று நம்புகிற மனுஷன்.

தகட்டைச் சாய்த்துப் பிடித்து இழுத்தார். சாம்பல் சுருண்டு வந்தது. அடியில் மஞ்சள். இந்த மஞ்சள் எங்கேயோ பார்த்தது. கையை நிறுத்தி யோசித்தார். கடையைப் புதுப்பித்த வருஷம் ஷட்டருக்கு அடித்த மஞ்சள். எடுத்தார். பச்சை வந்தது. வீட்டு கேட்டுக்கு அடித்த பச்சை, அவள் வேண்டாம் என்று சொல்லியும் அடித்தது. அதையும் எடுத்தார். செங்கல் நிறம். மாடிக்குப் போகிற படிக்கட்டுக்கு அடித்தது. இப்போது அவர் மெதுவாக எடுத்தார். சரிக்கட்ட எடுக்கவில்லை, அடுத்தது என்ன என்று பார்க்க எடுத்தார். வீட்டிலும் கடையிலும் அவர் அடித்த நிறங்களையெல்லாம் அவள் ஒன்றுவிடாமல் பூசி வைத்திருக்கிறாள். கடைசியாக அடித்ததை மேலே வைத்து, முதலில் அடித்ததை அடியில் வைத்திருக்கிறாள்.

செங்கல் நிறத்துக்குக் கீழே வெள்ளை வந்தது. அத்தோடு முடிந்தது, இனி படத்தின் துணிதான் என்று நினைத்தார். தகட்டின் நுனியால் அந்த வெள்ளையை லேசாகக் கீறினார்.

ரோஸ்.

திருமால் தகட்டைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த ரோஸுக்கு நம்பர் கிடையாது. அப்போது கலர் கலக்கும் மெஷின் வரவில்லை. வெள்ளையில் சிவப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ரொம்பச் சிவந்துவிட்டது என்று துளி மஞ்சள் சேர்த்து, குச்சியால் கலக்கிக் கலக்கி அவர் கையாலேயே கண்டுபிடித்த நிறம் அது. இந்த அறைக்குத்தான் அடித்தார். நிர்மலா நிறைமாதமாக வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "பையனாப் பொறந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "பொண்ணுதான்" என்றார். பொண்ணுதான் பிறந்தது. மலர்விழி என்று பேர்கூட வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நிர்மலா மட்டும்தான் வீட்டுக்கு வந்தாள்.

அவள் வருவதற்குள் திருமால் முன்னால் வந்து, தொட்டிலை மாதுவின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, ஒரே பகலில் இந்த அறைக்கு வெள்ளை அடித்தார். அவள் கண்ணில் பட வேண்டாம் என்றுதான் அடித்தார். அழுதுகொண்டேதான் அடித்தார். அவள் வந்து வாசற்படியில் நின்று நாலு சுவரையும் பார்த்தாள். "காஞ்சிருச்சா?" என்று மட்டும் கேட்டாள். "காஞ்சிருச்சு" என்றார். அன்றைக்குப் பிறகு அந்தப் பேரை இந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

படத்தின் நடுவில் நகக்கண் அகலத்துக்கு அந்த ரோஸ் தெரிந்தது.

திருமால் எழுந்தார். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே சாமான் அறைக்குப் போய் வெள்ளை டப்பாவை எடுத்து வந்தார். மூடியை நெம்பித் திறந்தார். பிரஷ்ஷை முக்கினார். அவர் கை அந்த வேலையை நன்றாக அறிந்த கை. பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்து, படத்தருகே கொண்டுபோனார். ஒரு சொட்டு அவர் கால்விரலில் விழுந்தது.

கை போகவில்லை.

பிறகு பிரஷ்ஷை டப்பாமேல் குறுக்கே வைத்துவிட்டுத் தகட்டை எடுத்தார். மேலிருந்த வெள்ளையைச் சுற்றிலும் துளித் துளியாக எடுத்துக்கொண்டே போனார். ரோஸ் உள்ளங்கை அளவாயிற்று, தலையணை அளவாயிற்று. கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து சொட்டியது, துடைத்துக்கொள்ளக் கை சும்மா இல்லை. "மலர்விழி" என்று சொல்லிப் பார்த்தார். குரல் கரகரவென்று யாருடைய குரலோ மாதிரி வந்தது. இன்னொரு தரம் சொன்னார்.

விரலை வைத்து அந்த ரோஸைத் தொட்டார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அது என்றைக்கோ காய்ந்திருந்தது.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

டிரைவர் அர்ச்சுனன் ஓசூர்க்காரன். கையில் ஒரு பழைய கம்பளியும் கயிறும் வைத்திருந்தான். திருமால் முகத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். அது முதலில் சந்தனம் துடைத்த துண்டு. சாம்பலும் குங்குமமும் அவர் கன்னம் முழுக்க அப்பின.

"படம் எடுக்க வந்தேனுங்க" என்றான் அவன், அந்த முகத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி.

"தம்பி, அந்தப் படம் வராது. நான் கெடுத்துட்டேன். பொட்டு வெக்கறேன்னு ஆரம்பிச்சது, இப்ப ஒண்ணுமே மிச்சமில்லை. நீ வெறும் வண்டியா திரும்பிப் போ. அவகிட்ட நானே பேசிக்கறேன்."

"ஒருக்காப் பாத்துட்டுப் போறேனுங்க."

"பாக்கறதுக்கு அங்க என்ன இருக்கு?"

"வாடகை வாங்கிட்டேனுங்க. பாக்காமப் போனா நல்லா இருக்காது."

திருமால் வழிவிட்டார். அர்ச்சுனன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னறைக்குள் வந்தான். படத்தைப் பார்க்கும் முன்பு அவன் கண் நேராகத் தரையில் திறந்து கிடந்த வெள்ளை டப்பாவுக்குப் போயிற்று. முகம் மாறிவிட்டது.

"இது எதுக்குங்க?"

"மூடிரலாம்னுதான் எடுத்தேன். முடியலை."

"மூடலைங்களே?"

"மூடலை."

அவன் பெருமூச்சு விட்டு, படத்தின் முன்னால் குனிந்து, நடுவிலிருந்த ரோஸைக் கவனமாகப் பார்த்தான். பிறகு கம்பளியை உதறித் தரையில் விரித்துவிட்டுக் கயிற்றுச் சிக்கலைப் பிரிக்க ஆரம்பித்தான்.

"தம்பி, சொன்னது காதுல விழலையா? படம் கெட்டுப்போச்சுங்கறேன். தொடாதீங்கன்னு மூணு தரம் சொல்லிட்டுப் போனா. இதைக் கொண்டுபோய் அவ முன்னால நிறுத்துனா அவ மனசு என்ன பாடுபடும்? அந்தச் சுவர் காலியா இருந்தாலும் பரவால்லை, எடுக்காத."

அர்ச்சுனன் படத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தைப் பிடிக்கச் சொல்லி அவருக்குக் கண்ணைக் காட்டினான்.

"நீங்க தொடாம இருக்க மாட்டீங்கன்னு அக்காவே சொன்னாங்க சார், 'அடியில ரோஸ் தெரியற வரைக்கும் எடுத்து வச்சிருந்தாருன்னா படத்தையும் அவரையும் சேத்து வண்டியில ஏத்திட்டு வா, மறுபடி வெள்ளை அடிச்சு மூடியிருந்தாருன்னா ரெண்டையும் அங்கயே வுட்டுட்டு வந்துரு'ன்னாங்க."